பொதுப்பணி டெண்டருக்கு ஸ்பெக் எழுத உட்காரும்போது

"உயர்தரப் பெயின்ட், இரண்டு கோட், திருப்திகரமாக அடிக்கப்பட வேண்டும்."

இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் இந்த வரி எனக்கு மறக்கவில்லை. அப்போது நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் டெண்டருக்கு விலை போடும் மேசையில் இருந்தேன். பொதுக் கட்டடம் ஒன்றின் டெண்டர் புத்தகத்தில் வண்ணப்பூச்சுக்கு இருந்த மொத்த விவரமும் இந்த ஒரு வரிதான். எந்த வகைப் பெயின்ட்? பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு அடிப்பதா, அதன் மேலேயே அடிப்பதா? பிரைமர் உண்டா, பட்டி உண்டா? யாருடைய திருப்தி? நானும் என் மேலாளரும் இரண்டு விதமாகக் கணக்குப் போட்டோம். ஒன்று மற்றதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. எது சரி என்று சொல்ல அந்தப் புத்தகத்தில் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. கடைசியில் குறைந்ததையே எழுதினோம். மற்றவர்களும் அதைத்தான் எழுதுவார்கள் என்று தெரியும். சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, ஒழுங்காகச் செய்ய நினைத்தவர் யாராவது இருந்திருந்தால், விலை கூடிப்போய் அந்த வரியாலேயே அவர் தோற்றிருப்பார்.

அந்த மேசையில் பதினோரு வருடம் இருந்தேன். பிறகு வேலை கொடுக்கும் பக்கத்துக்கு வந்து, விவரக்குறிப்பு எழுதுவதே என் முழுநேர வேலையாகிவிட்டது. பேச்சில் நாங்கள் ஸ்பெக் என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். முதன்முதலாக ஒரு பொதுப்பணிக்கு ஸ்பெக் எழுத உட்காரும் பொறியாளரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அவர் எதிர்ப்பக்க மேசையில் உட்கார்ந்து தன் எழுத்தைத் தானே ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஸ்பெக் என்ன வேலை செய்கிறது

டெண்டர் புத்தகத்தில் நான்கு பகுதி உண்டு. ஒப்பந்த நிபந்தனைகள், வரைபடங்கள், அளவுப் பட்டியல், ஸ்பெக். எங்கே, எந்த அளவில் என்று வரைபடம் சொல்லும். எவ்வளவு என்று அளவுப் பட்டியல் சொல்லும். என்ன பொருள், என்ன தரம், எப்படிச் சோதிப்பது, சோதனையில் தேறாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது ஸ்பெக். மற்ற மூன்றையும் விட இதைத்தான் அவசரத்தில் பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டுகிறார்கள். வேலை தொடங்கிய பிறகு வரும் தகராறுகள் பெரும்பாலும் இதற்குள்தான் முளைக்கின்றன.

பொதுப்பணி என்பதால் இதற்குத் தனி விதிகள் உண்டு. செலவாவது பொதுமக்களின் பணம். தகுதியுள்ள யாரும் போட்டியிட வழி இருக்க வேண்டும், எல்லோரும் ஒரே தாளைப் படித்து ஒரே பொருளுக்கு விலை சொல்ல வேண்டும். நாட்டுக்கு நாடு சட்டத்தின் பெயர் மாறும். ஆனால் ஐ.நா. வணிகச் சட்ட ஆணையத்தின் 2011 மாதிரிச் சட்டத்தையும், உலக வர்த்தக அமைப்பின் அரசு கொள்முதல் உடன்படிக்கையின் 10-ஆவது பிரிவையும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 கொள்முதல் ஆணையின் 42-ஆவது பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், அடிப்படை ஒன்றாகவே இருப்பது தெரியும். தேவையை நடுநிலையாகச் சொல். பொருள் என்ன செய்ய வேண்டும் என்று சொல். அங்கீகரிக்கப்பட்ட தர நிர்ணயம் இருந்தால் அதைக் காட்டு. ஒரு கம்பெனியின் பெயரையோ, காப்புரிமையையோ, தயாரிப்பு நாட்டையோ எழுதாதே. வேறு எப்படியும் துல்லியமாகச் சொல்ல முடியாதபோது மட்டும் எழுது, எழுதினால் "அல்லது அதற்கு இணையானது" என்று கூடவே சேர். இந்தியாவின் 2017 பொது நிதி விதிகள் இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்கின்றன: தேவைக்கு மிஞ்சிய, அவசியமில்லாத அம்சங்களை நுழைத்து வீண்செலவு வைக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும் என் மேசைக்கு ஏற்ற மாதிரி ஒரே கேள்வியாக மாற்றி வைத்திருக்கிறேன். எழுதிய ஒவ்வொரு வரியிடமும் அதைக் கேட்பேன். இந்தத் தாளைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒருவர், எந்தக் கருவியை வைத்து, எந்த நாளில், எத்தனை இடத்தில் இதைச் சோதித்துத் தேறியது, தேறவில்லை என்று சொல்வார்?

பெயின்ட் வரி இந்தக் கேள்வியின் முதல் சொல்லிலேயே விழுந்துவிடும். "தரை சமமாக இருக்க வேண்டும்" என்பதும் விழும். "3 மீட்டர் நேர்கோலைத் தரையில் எங்கே, எந்தத் திசையில் வைத்தாலும் கோலுக்கும் தரைக்கும் நடுவே 3 மிமீ-க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, ஓர் அறைக்குக் குறைந்தது நான்கு இடத்தில் பார்க்கப்படும், மிஞ்சும் இடத்தைத் தேய்த்தோ மறுபடி போட்டோ கான்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்" என்பது நிற்கும். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை "வசதியான சரிவில்" என்று எழுதினால் அது வெறும் ஆசைதான். 1:12-க்கு மேல் போகக் கூடாது என்று எழுதினால் இரண்டு பக்கமும் ஒரே நாடாவை வைத்து அளக்கலாம்.

25 என்றால் எந்த 25?

எண் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். கான்கிரீட் அந்த நினைப்பைத் திருத்தியது.

"28 நாளில் 25 வலிமை" என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். அலகு நியூட்டன் / சதுர மிமீ. தெளிவாகத்தானே இருக்கிறது? கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 456:2000 படி எம் 25 என்றால் 150 மிமீ பக்கமுள்ள கனசதுரத்தை, அதாவது க்யூபை, 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கும் வலிமை. அமெரிக்க வழக்கத்தில் நசுக்குவது உருளையை. 150 மிமீ விட்டம், 300 மிமீ உயரம் என்பது அங்கே வழக்கமான அளவு. அதே கலவையை இரண்டிலும் வார்த்தால் உருளை குறைந்த எண்ணைக் காட்டும், க்யூபில் சுமார் 0.8 பங்கு. காரணம் இது. நசுக்கும்போது இயந்திரத்தின் இரும்புத் தட்டு கான்கிரீட்டின் மேல்முகத்தையும் கீழ்முகத்தையும் பக்கவாட்டில் விரியவிடாமல் உராய்வால் பிடித்துக்கொள்கிறது. குட்டையான க்யூபில் அந்தப் பிடி உடல் முழுக்க எட்டும். அகலத்தைப் போல இரு மடங்கு உயரமுள்ள உருளையில் நடுப்பகுதிக்கு அந்தப் பிடி கிடைப்பதில்லை, அது சீக்கிரம் உடைகிறது. ஐரோப்பியர்கள் இந்தக் குழப்பமே வரக் கூடாதென்று இரண்டு எண்ணையும் சேர்த்து சி25/30 என்று எழுதுகிறார்கள். முன்னது உருளைக்கு, பின்னது க்யூபுக்கு.

நான் எழுதிய முதல் சில ஸ்பெக்குகளில் ஒன்றில் வடிவமைப்பு ஒரு வெளி ஆலோசகரிடமிருந்து வந்திருந்தது. அவர் கணக்கில் 25 என்பது உருளை வலிமை. அந்த எண்ணை எடுத்து, சோதனை முறைக்கு நேரே வழக்கம்போல க்யூப் தரத்தை எழுதிவிட்டேன். டெண்டர் போய், ஒப்பந்தம் கையெழுத்தாகி, கலவை விகிதம் ஒப்புதலுக்கு வந்தபோது கான்ட்ராக்டரின் பொறியாளர் ஒருவர், கட்டமைப்புக் குறிப்புத் தாளையும் என் பக்கத்தையும் சேர்த்து வைத்து, பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினார். அவர் அதைக் கவனித்திருக்காவிட்டால் தூண்களுக்கெல்லாம் வடிவமைப்பு கேட்டதைவிட ஒரு படி குறைந்த கான்கிரீட் போயிருக்கும், எல்லாச் சோதனையிலும் தேறியும் இருக்கும். கான்கிரீட்டை எம் 30 ஆக உயர்த்தினோம். கூடுதல் சிமென்ட்டுக்கான விலையை நாங்கள் கொடுத்தோம், கொடுத்ததுதான் நியாயம். அவர் விலை சொன்னது நாங்கள் எழுதிய தாளுக்கு.

அதிலிருந்து கான்கிரீட் என்றால் எண்ணோடு இவற்றையும் எழுதாமல் நான் விடுவதில்லை. மாதிரியின் வடிவம், வயது, சோதனை முறையின் எண். எத்தனை மாதிரி என்பதற்கு, ஐஎஸ் 456-இல் 5 கன மீட்டர் வரை ஒன்று, 6 முதல் 15 வரை இரண்டு, 16 முதல் 30 வரை மூன்று, 31 முதல் 50 வரை நான்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 50-க்கும் கூட ஒன்று என்று அட்டவணையே இருக்கிறது. அதைச் சுட்டினால் போதும், மறுபடி எழுத வேண்டாம். சோதனைச் செலவு யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். தேறாவிட்டால் அடுத்த படி என்ன என்பதை மறந்துவிடுகிறார்கள். கட்டிய உறுப்பிலிருந்தே துளைத்து எடுத்த கோர் மாதிரிகளை வைத்துத் தீர்மானிப்பது ஒரு வழி. சராசரி, அந்த வயதுக்குரிய க்யூப் வலிமையில் 85 சதவீதமாவது இருந்து, எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகாவிட்டால் ஏற்கலாம் என்கிறது அதே ஐஎஸ் 456. இது முன்கூட்டியே தாளில் இருந்தால் அந்த நாள் வரும்போது யாரும் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

எழுதியவர் தலையில்தான்

என் கைப்பிழைக்கு நாங்கள் பணம் கொடுத்தது பெருந்தன்மையால் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1918-இலேயே பார்த்திருக்கிறது. ஸ்பெக் எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1905-இல் புரூக்ளின் கடற்படைத் தளத்தில் கப்பல் பழுதுபார்க்கும் உலர்துறை கட்ட ஸ்பியரின் என்ற கான்ட்ராக்டர் ஒப்பந்தம் எடுத்தார். இடத்தின் குறுக்கே 6 அடிச் செங்கல் சாக்கடை ஒன்று ஓடியது. அதை எந்த அளவில், எந்தப் பொருளால், எந்த வழியில் மாற்றிக் கட்ட வேண்டும் என்று அரசே எழுதிக் கொடுத்திருந்தது. அவர் அப்படியே கட்டினார், அரசும் ஏற்றுக்கொண்டது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துப் பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தன. தண்ணீர் சாக்கடைக்குள் பின்னேறி, உள்ளழுத்தம் தாங்காமல் அது பல இடத்தில் உடைந்து, தோண்டி வைத்த குழி முழுக்க வெள்ளம் புகுந்தது. பிறகுதான் தெரிந்தது, அதோடு இணைந்த 7 அடிச் சாக்கடைக்குள் சுமார் 5 அடி உயரத்துக்கு ஒரு தடுப்பு இருந்தது என்று. அதுதான் தண்ணீரில் பெரும்பகுதியை இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தது. எந்த வரைபடத்திலும் அந்தத் தடுப்பு இல்லை.

இடத்தைப் பார்வையிட்டு நிலைமையை அறிந்துகொள்ள வேண்டியது கான்ட்ராக்டரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் வழக்கமான வரிகள் இருந்தன. அரசு அவற்றைக் காட்டியது. நீதிபதி பிராண்டைஸ் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. உரிமையாளர் தந்த வரைபடத்தின்படியும் ஸ்பெக்கின்படியும் கட்டக் கடமைப்பட்டவர், அவற்றில் உள்ள குறைகளின் விளைவுக்குப் பொறுப்பாக மாட்டார். இடத்தைப் பார், வரைபடத்தைச் சரிபார் என்ற பொதுவான வரிகளால் அந்தப் பொறுப்பு கைமாறாது என்றது.

எல்லா நாட்டு ஒப்பந்தங்களும் இதே மாதிரி ஆபத்தைப் பங்கிடுவதில்லை. உங்கள் ஒப்பந்த நிபந்தனையில் என்ன இருக்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஆனால் எழுத உட்காரும்போது, நான் "இப்படித்தான் செய்" என்று எழுதினால் அப்படிச் செய்து வரும் விளைவு என்னுடையது என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

அதனால்தான் செய்முறையையும் முடிவையும் ஒரே இடத்தில் கேட்காதீர்கள் என்று சொல்கிறேன். மண் நிரப்பும் வேலையில் இதை அடிக்கடி பார்க்கலாம். "20 செமீ அடுக்காகப் போட்டு எட்டு முறை ரோலர் ஓட்ட வேண்டும், 95 சதவீத இறுக்கம் கிடைக்க வேண்டும்." எட்டு முறை ஓட்டியும் 92-தான் வந்தால்? கான்ட்ராக்டர் சொல்வார், நீங்கள் சொன்னபடி ஓட்டினேன் என்று. நீங்கள் சொல்வீர்கள், 95 எங்கே என்று. இருவர் பக்கமும் தாளில் ஆதாரம் இருக்கும். எது முக்கியமோ அதை மட்டும் கேளுங்கள். இங்கே முக்கியம் இறுக்கம். ரோலர் எத்தனை முறை ஓட வேண்டும் என்பதை மண்ணும் ஈரமும் இயந்திரமும் தெரிந்த கான்ட்ராக்டர் முடிவு செய்யட்டும். மண்ணை ஆய்வகத்தில் இடித்து இறுக்கி அதன் உச்ச உலர் அடர்த்தியைக் காண்பது ப்ராக்டர் சோதனை. அந்த 95-உம் எந்த ப்ராக்டர் சோதனையின் உச்ச உலர் அடர்த்தியில் 95 என்று எழுத வேண்டும். சாதாரண ப்ராக்டரும் திருத்திய ப்ராக்டரும் ஒரே மண்ணுக்கு வேறு வேறு அடர்த்தியைக் காட்டும். செய்முறையையே சொல்ல வேண்டிய வேலைகளும் உண்டு. முடித்த பிறகு திறந்து பார்க்க முடியாதவை, பழைய கட்டடத்தோடு பொருந்த வேண்டியவை. அங்கே செய்முறையை முழுமையாகச் சொல்லி, அதைச் செய்தாரா என்று மட்டும் பாருங்கள்.

பெயர் எழுதும் ஆசை

பிராண்ட் பெயர் எழுதுகிறவர்கள் எல்லோரும் தப்பு எண்ணத்தில் எழுதுவதில்லை. போன கட்டடத்தில் நன்றாக இருந்தது, மறுபடி அதே வேண்டும் என்று மனம் கேட்கும். அந்த ஆசை எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லால் என்ன ஆகும் என்பதற்கு டண்டாக் வழக்கு நல்ல பாடம்.

அயர்லாந்தின் டண்டாக் நகரக் குடிநீர்த் திட்டத்தில் குழாய்கள் ஐரிஷ் தரம் 188:1975-இன்படி சான்று பெற்றிருக்க வேண்டும் என்று ஸ்பெக்கின் 4.29-ஆவது பிரிவு சொன்னது. கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. தர நிர்ணயத்தின் எண் மட்டும்தான். படிக்கிறவருக்கு முழுக்க நடுநிலையாகத் தெரியும். ஆனால் அந்தச் சான்று அப்போது ஒரே ஒரு தயாரிப்பாளரிடம்தான் இருந்தது, அவரும் அயர்லாந்துக்காரர். ஒரு போட்டியாளர் ஸ்பெயின் குழாயைக் காட்டினார். அது சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 160:1980-க்குப் பொருந்தியது, ஐரிஷ் சான்று இல்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 1988-இல் அயர்லாந்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்த எண்ணுக்குப் பின்னால் "அல்லது அதற்கு இணையானது" என்ற சொற்களைச் சேர்த்திருந்தால், வேறு குழாய் தேறுமா என்று சோதித்துப் பார்க்க நகராட்சிக்கே வழி கிடைத்திருக்கும். சேர்க்காததால் உறுப்பு நாடுகளுக்கு நடுவே சரக்கு வணிகத்துக்குத் தடை போட்டதாக ஆனது.

அதனால் தர எண்ணைச் சுட்டும்போதும் அந்தச் சொற்கள் வேண்டும். ஆனால் அவற்றை மட்டும் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது போதாது. எதில் இணை? நீளத்திலா, ஆயுளிலா, நிறத்திலா? இணை என்று தீர்மானிக்க எந்த அம்சங்களைப் பார்ப்பீர்கள் என்பதை அங்கேயே எழுதுங்கள். ஆதாரம் யார் தர வேண்டும், எத்தனை நாளுக்குள், யார் முடிவு சொல்வார், அதற்கு எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள். கலிஃபோர்னியாவின் பொது ஒப்பந்தச் சட்டம் 3400-ஆவது பிரிவில் இதற்கு நாள் கணக்கே வைத்திருக்கிறது. ஸ்பெக்கில் கால வரம்பு சொல்லாவிட்டால், ஒப்பந்தம் வழங்கிய பின் 35 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் மாற்றுப் பொருளுக்கான ஆதாரத்தைக் கொடுக்கலாம். ஒரே பெயரைக் குறிப்பிட அங்கே நான்கு காரணங்கள் மட்டும் செல்லும்: சோதனை முயற்சியாகப் பயன்படுத்திப் பார்ப்பது, ஏற்கெனவே உள்ள பொருளோடு பொருந்த வேண்டியது, ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் அவசியப் பொருள், அவசரநிலை. உங்கள் ஊரில் எந்தச் சட்டம் இருந்தாலும், ஒரு பெயரை எழுத நினைக்கும்போது இந்த நான்கில் எது என்று கோப்பில் ஒரு வரி எழுதிவையுங்கள். எழுத வரவில்லை என்றால் பெயரை எடுத்துவிடலாம்.

பெயரே இல்லாமல் பெயர் எழுதும் வழியும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும். விலை போடும் மேசையில் இருந்தபோது மொட்டை மாடி நீர்க்காப்புக்கு ஒரு ஸ்பெக் வந்தது. தாளின் தடிமன் 3.8 மிமீ, எடை சதுர மீட்டருக்கு 4.3 கிலோ, சுருளின் அகலம் 1.05 மீட்டர், மேற்பரப்பு அடர் பச்சை. கம்பெனிப் பெயர் எங்கும் இல்லை. நான்கு பேரிடம் விலை கேட்டேன். மூன்று பேர் "எங்களிடம் 4 மிமீ இருக்கிறது, ஒரு மீட்டர் அகலம்" என்றார்கள். நாலாமவர் தன் விளம்பரத் தாளை அனுப்பினார். அதே நான்கு எண், அதே வரிசை, எங்களுக்கு வந்த ஸ்பெக்கில் இருந்த எழுத்துப்பிழை உட்பட.

எண்ணைப் பார்த்ததும் நான் கேட்பது இதுதான்: இது கொஞ்சம் மாறினால் கட்டடத்துக்கு என்ன ஆகும்? சுருளின் அகலம் 5 செமீ குறைந்தால் ஒன்றும் ஆகாது, இணைப்பில் எத்தனை மிமீ மேலேற வேண்டும் என்பதுதான் தண்ணீருக்கு முக்கியம். நிறம் மாறினால் ஒன்றும் ஆகாது. இழுவிசை, நீட்சி, துளை தாங்கும் திறன், வெயிலில் எவ்வளவு காலம் நிற்கும் என்பவை மாறினால் மாடி ஒழுகும். அந்த விளம்பரத் தாள் ஸ்பெக்கில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. எண் கொடுக்கும்போது "குறைந்தது" அல்லது "அதிகபட்சம்" என்று சேருங்கள். துல்லியமான ஒற்றை எண்ணுக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

யாரிடம் ஆலோசனை கேட்டோம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். விற்பனையாளரிடம் பேசாமல் நல்ல ஸ்பெக் எழுத முடியாது, அவருக்குத்தான் பொருள் தெரியும். ஆனால் அந்த டெண்டரில் லாபம் பார்க்கக்கூடியவரிடமிருந்து போட்டியை அடைத்துவிடும் விதத்தில் ஆலோசனை பெறக் கூடாது என்று உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கை வெளிப்படையாகவே சொல்கிறது. நான் பின்பற்றும் வழி, ஒரே கேள்விப் பட்டியலைக் குறைந்தது மூன்று தயாரிப்பாளர்களுக்கு எழுத்தில் அனுப்பி, மூன்று பதிலையும் கோப்பில் வைப்பது. மூவரும் எட்டக்கூடிய எல்லையைப் பார்த்து, கட்டடத்தின் தேவைக்குக் கீழே போகாத இடத்தில் கோடு போடுவது.

பழைய கோப்பும் மிதக்கும் சொற்களும்

"பொறியாளர் அவ்வப்போது சொல்கிறபடி." இந்தச் சொற்களை எழுதுகிறவர் தன் கையில் அதிகாரத்தை வைத்துக்கொள்வதாக நினைக்கிறார். விலை போடுகிறவருக்கு அது வேறு மாதிரி கேட்கும். அந்தப் பொறியாளர் யாரென்று தெரியாது, கண்டிப்பானவரா இல்லையா தெரியாது. அதற்காக நாங்கள் ஒவ்வொரு முறையும் ஒரு தொகையை ஏற்றி வைத்தோம். "முதல் தரமான", "நல்ல முறையில்", "தேவையான அளவு" எல்லாம் இதே வகை. பொறியாளர் முடிவு செய்ய வேண்டிய இடங்கள் உண்மையிலேயே உண்டு, அஸ்திவாரத்தில் எதிர்பாராத மண் வந்தால் எவ்வளவு ஆழம் போவது என்பது போல. அங்கே அளந்து பணம் கொடுக்கும் தனி இனமாக அளவுப் பட்டியலில் வைத்துவிட்டால் யாரும் ஊகித்து விலை ஏற்ற வேண்டாம்.

பழைய ஸ்பெக்கை எடுத்துத் திருத்துவதில் தவறில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் முதலில் அதில் உள்ள தர எண்களை மட்டும் ஒரு தாளில் இறக்கி, ஒவ்வொன்றும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐஎஸ் 456-இன் 2000 பதிப்பு வந்து பல வருடம் கழித்தும் 1978 பதிப்பைச் சுட்டும் ஸ்பெக்குகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. "ஒப்பந்தப்புள்ளி கொடுக்கக் கடைசி நாளில் நடப்பில் உள்ள பதிப்பு" என்று ஒரு பொது வரியை முன்னால் வைத்தால் எந்தப் பதிப்பு என்ற சண்டை வராது. இந்தத் திட்டத்தில் இல்லாத வேலைகளுக்கான பக்கங்களையும் எடுத்துவிடுங்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஸ்பெக்கில் லிஃப்ட் பற்றி ஆறு பக்கம் இருந்தால், மற்றதையும் யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று கான்ட்ராக்டர் புரிந்துகொள்வார்.

ஒரு விஷயத்தை ஒரே இடத்தில் சொல்லுங்கள். கான்கிரீட்டுக்குள் போடும் கம்பியின் தரம் ஃபெ 500டி என்று ஸ்பெக்கிலும் ஃபெ 500 என்று வரைபடத்திலும் இருந்தால் எதற்கு விலை? கம்பிக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1786-இல் முன்னதற்குக் குறைந்தபட்ச நீட்சி 16 சதவீதம், பின்னதற்கு 12. நிலநடுக்கத்தில் அந்த வித்தியாசம் சின்னதில்லை. முரண் வந்தால் எந்த ஆவணம் மேல் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஃபிடிக் என்ற சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் அமைப்பின் மாதிரி ஒப்பந்தமான 1999 சிவப்புப் புத்தகத்தில் ஸ்பெக், வரைபடத்துக்கு முன்னால் வரும், அளவுப் பட்டியல் முதலான அட்டவணைகள் இரண்டுக்கும் பின்னால். இந்திய மத்திய பொதுப்பணித் துறையின் நிபந்தனைகளில் அளவுப் பட்டியலில் உள்ள விவரிப்பே முதலில் நிற்கும். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் அப்படியே எழுதினால் கவனித்து எழுதிய ஸ்பெக்கை அளவுப் பட்டியலின் ஒரு சோம்பலான வரி தள்ளிவிடும். அதனால் அளவுப் பட்டியலில் "ஸ்பெக் பிரிவு இன்னதன்படி" என்று மட்டும் எழுதி, தர விவரத்தை அங்கே மறுபடி சொல்லாமல் விடுவேன்.

வெளியிட்ட பிறகு

கேள்விகள் வரும். வந்தால் நல்லது, ஒருவர் படித்திருக்கிறார். ஒருவருக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிவிடாதீர்கள், அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும். ஐ.நா. மாதிரிச் சட்டத்தின்படி பதில் எல்லாப் போட்டியாளர்களுக்கும் போக வேண்டும், கேட்டவர் யாரென்று காட்டாமல். பதிலால் ஸ்பெக் மாறுகிறது என்றால் அது திருத்த அறிவிப்பாக, எண்ணும் தேதியும் போட்டு, எந்தப் பக்கத்தில் எந்த வரி எப்படி மாறுகிறது என்று முழுவதுமாக வர வேண்டும். கடைசி நேரத்தில் பெரிய மாற்றம் வந்தால் நாளையும் தள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் கடைசி 72 மணி நேரத்துக்குள் முக்கியமான மாற்றம் வெளியானால் குறைந்தது 72 மணி நேரம் நீட்டித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். விலை போடும் மேசையில் கடைசி இரவு உட்கார்ந்தவளாகச் சொல்கிறேன், அந்த மூன்று நாள் வீணாகாது. இல்லாவிட்டால் மாற்றத்துக்கு எவ்வளவு ஆகும் என்று பார்க்க நேரமில்லாமல் எல்லோரும் ஊகத்தில் ஒரு தொகையை ஏற்றுவார்கள், அதைக் கொடுப்பது நீங்கள்தான்.

வெளியிடும் முன் நான் செய்யும் கடைசி வேலை ஒன்று உண்டு. ஸ்பெக்கை வடிவமைப்பில் இல்லாத, சைட்டில் நின்று வேலை வாங்கிப் பழகிய ஒரு மேற்பார்வையாளரிடம் கொடுப்பேன். ஒரு சிவப்புப் பேனாவும் கொடுப்பேன். "இதை எப்படிப் பார்ப்பது என்று தெரியாத வரிக்கு அடிக்கோடு போடுங்கள், காரணம் எழுத வேண்டாம்" என்பேன். கடைசியாகக் கொடுத்த 60 பக்கத்தில் 23 அடிக்கோடு வந்தது. அதில் 9 வரியை எடுத்தே விட்டேன், மீதிக்கு எண்ணும் சோதனை முறையும் சேர்த்தேன். அந்தச் சிவப்புக் கோடு போட்ட பிரதியைத் தேதி எழுதி, தயாரிப்பாளர்களின் மூன்று பதிலோடும் திருத்த அறிவிப்புகளோடும் ஒரே கோப்பில் வைக்கிறேன். சில வருடம் கழித்துத் தணிக்கைக்கு வருகிறவர், இந்த எண்ணை ஏன் போட்டீர்கள் என்று கேட்டால் எடுத்துக் காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.